ஐஸ் பிளாண்ட் அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ளவர்களே,

ஜெல் படம் வந்துவிட்டது, அதாவது ஜெல்லி மாதிரிப் பலகையில் மின்சாரம் கொடுத்து டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரித்த படம். எங்கள் பனை ஈஸ்டின் குரோமோசோம்கள், அதாவது அதன் நீண்ட டிஎன்ஏ இழைகள், ஏணிப்படி மாதிரி தனித்தனியாக விழுந்திருக்கின்றன. அன்று ராத்திரி ஜெல்லைக் குளிர்விக்கும் கூலர் நின்றதும் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். நேராக நன்றிக்கு வருகிறேன்.

முதல் நன்றி குளச்சல் ஐஸ் பிளாண்ட் அண்ணாச்சிக்கு. நேரங்கெட்ட நேரத்தில் போய் நின்றோம். "மீனுக்கா மக்ளே?" என்றார். "இல்ல அண்ணாச்சி, ஈஸ்டோட டிஎன்ஏ எவ்வளவு நீளம்னு அளக்கணும். நாளைக்கு ராத்திரி வரைக்கும் தண்ணி 14 டிகிரியிலயே நிக்கணும்" என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. ஐஸ் பாரைப் பொடிக்கப் போன பையனைத் தடுத்தார். "பொடிச்சா சட்டுனு கரைஞ்சிரும், பாதியா வெட்டு." வெட்டியதை உமியில் புரட்டிச் சாக்கில் கட்டித் தந்தார். காசு வாங்கவில்லை. விடிந்ததும், நாங்கள் கேட்காமலே, அவருடைய டெம்போவில் இன்னொரு லோடும் வந்தது.

அந்த ஐஸ் தண்ணீருக்குள் பஃபர் (ஜெல் மூழ்கியிருக்கும் கரைசல்) ஓடும் குழாயைச் சுருட்டிப் போட்டுத்தான் ஜெல்லை ஓட்டி முடித்தோம். சாதாரண ஜெல்லில் சுமார் 50,000 கார இணைகளை (டிஎன்ஏ நீளத்தை எண்ணும் அலகு) தாண்டிய டிஎன்ஏ எல்லாம் ஒரே இடத்தில் குவிந்துவிடும். ஈஸ்டின் மிகச் சின்ன குரோமோசோமே ஏறக்குறைய 2,30,000. மின்புலத்தின் திசையை மாற்றி மாற்றிக் கொடுத்தால் நீளமானது திரும்ப அதிக நேரம் எடுத்துப் பின்தங்கும் என்று ஷ்வார்ட்ஸ், கேன்ட்டர் என்ற விஞ்ஞானிகள் 1984-ல் காட்டினார்கள். ஆனால் நடுவில் சூடு ஏறினால் வேகம் மாறும், பட்டைகள் கலங்கும், அளவு தெரிந்த ஈஸ்டைப் பக்கத்தில் ஓட்டியும் பயனில்லை. அண்ணாச்சி தந்தது வெறும் ஐஸ் இல்லை.

அப்புறம், இந்த ஈஸ்ட் இருக்கும் கலயத்து வண்டலை எனக்கென்று எடுத்து வைத்த பனையேறி மாமா, தெர்மாமீட்டரும் கையுமாக முறை வைத்து விழித்திருந்த ஜூனியர் பிள்ளைகள், ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவந்த வாட்ச்மேன் அண்ணன், நாகர்கோவிலிலிருந்து பைக்கில் என்சைம் கொண்டுவந்த தோழி, எல்லோருக்கும் நன்றி. உங்களை ஒரே வரியில் அடக்கியதற்குக் கோபிக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

அண்ணாச்சி, படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு இந்த வாரமே வருகிறேன். மேலே நிற்கும் நீளமானதையும் அடியில் இருக்கும் சின்னதையும் காட்டுகிறேன். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் கைடுக்கும் முன்னால் உங்கள் பெயர்தான். கைடிடம் சொல்லிவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டார்.