நோய் எதிர்ப்பியல் துறை ஆய்வாளர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களே, துறைப் பேராசிரியர்களே, ஆய்வகப் பணியாளர்களே, ஆய்வு மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மன்றம் கையிலெடுத்த முதன்மையான வேலை ஒன்றுதான்: ஒரே இரத்த மாதிரியை யார் கையில் கொடுத்தாலும் ஒரே விடை வரச் செய்வது. ஆண்டுத் தொடக்கத்தில் அப்படி வரவில்லை. ஒருவரிடம் எடுத்த இரத்தத்தில் ஒழுங்குபடுத்தும் டி செல்களை (எதிர்ப்பாற்றல் நம் உடலையே தாக்காமல் அடக்கிவைக்கும் வெள்ளணுக்களை) இரண்டு மேசைகளில் எண்ணினோம். இரண்டு விடைகள் கிடைத்தன. கருவியைக் குறை சொல்ல வழியில்லை. இரண்டும், சாயமேற்றிய செல்களை ஒளியால் எண்ணும் ஒரே ஃப்ளோ சைட்டோமீட்டரில், ஒரே காலையில் ஓடியவை. ஆகவே இரத்தக் குழாயிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகச் சரிபார்த்தோம்.

முதல் வேறுபாடு, இரத்தச் செல்களை அடர்த்தி வாரியாகப் பிரிக்கும் ஃபைக்கால் கரைசலில் இருந்தது. ஒரு மேசையில் அதைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றிவந்தார்கள். அதன் அடர்த்தி மி.லிட்டருக்கு 1.077 கிராம் என்பது 20 டிகிரி வெப்பநிலைக்குச் சொன்ன கணக்கு. குளிர்ந்தால் அடர்த்தி கூடும். கீழே போக வேண்டிய சிவப்பணுக்களும் கிரானுலோசைட்டுகளும் (ஒருவகை வெள்ளணுக்கள்) முழுதாக இறங்காமல், டி செல்கள் இருக்கும் வெள்ளைப் படலத்தோடு வந்துவிடும். இப்போது இரு மேசைகளிலும் ஒரே முறைதான். ஃபைக்காலை அறை வெப்பத்துக்கு வரவிட்டு, 50 மி.லி. குழாயில் 15 மி.லி. ஊற்ற வேண்டும். அதன்மேல், சம அளவு பிபிஎஸ் (உப்புத் தாங்கல் கரைசல்) கலந்த இரத்தத்தை 30 மி.லி. அளவுக்குக் குழாயைச் சாய்த்துப் பிடித்து மெல்ல வழியவிட வேண்டும். பிறகு மையவிலக்குக் கருவியில் 400 ஜி (புவியீர்ப்பைப் போல் 400 மடங்கு), 30 நிமிடம், பிரேக் அணைத்து. பிரேக் போட்டால் படலம் கலைந்து, அத்தனை பாடும் வீண். எடுத்த செல்களைக் கழுவும்போது கடைசிச் சுற்றை 200 ஜி-யில் 10 நிமிடம் ஓட்டினால் தட்டணுக்கள் மேலேயே நின்றுவிடும். அவற்றை நீரோடு கொட்டிவிடலாம். ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்த இரத்தத்தை இந்த வேலைக்கு ஏற்பதில்லை என்றும் முடிவு செய்தோம். பழைய இரத்தத்தில் கிரானுலோசைட்டுகளின் அடர்த்தி குறைந்து அவை படலத்திலேயே தங்கிவிடுகின்றன.

பெரிய வேறுபாடு அடுத்த படியில் கிடைத்தது. ஒழுங்குபடுத்தும் டி செல்களின் அடையாளமான ஃபாக்ஸ்பி3, செல்லின் உட்கருவில் இருக்கும் புரதம். சாயம் கோத்த எதிர்ப்பொருளை அதில் ஒட்டவைத்தே எண்ணுகிறோம். ஒரு மேசையில் சைட்டோகைன் (செல்கள் சுரக்கும் செய்திப் புரதம்) சாயமேற்றலுக்கான சாப்போனின் கரைசலையே இதற்கும் பயன்படுத்தினார்கள். அது வெளிச்சவ்வைத் துளைக்கும். உட்கருவுக்குள் எதிர்ப்பொருளைச் சரிவர அனுப்பாது. எண்ணிக்கை குறைந்ததற்கு அதுவே முதற்காரணம். உட்கருப் புரதங்களுக்கென்றே உள்ள கரைசலுக்கு மாறியதும் இரண்டு மேசைகளின் எண்களும் நெருங்கி வந்தன.

முழுதாக ஒன்றுபட இன்னும் மூன்று திருத்தங்கள் தேவைப்பட்டன. இறந்த செல்லைக் காட்டும் சாயத்தை, செல்களை வேதிப்பொருளால் நிலைப்படுத்துவதற்கு முன்பே, சீரம் (இரத்தத்தின் புரதம் நிறைந்த நீர்ப்பகுதி) கலக்காத பிபிஎஸ்ஸில் ஏற்ற வேண்டும். அது புரதத்தின் அமீன்களோடு ஒட்டுவது. சீரம் இருந்தால் சாயத்தை அதுவே விழுங்கிவிடும். இறந்த செல்கள் எந்த எதிர்ப்பொருளையும் வாரி ஒட்டிக்கொள்வதால் இந்தப் படியைத் தாண்டிச் செல்ல யாருக்கும் அனுமதியில்லை. அடுத்தது, நிலைப்படுத்திய செல்கள் எளிதில் அடியில் படியாது. 300 ஜி-யில் சுற்றிவிட்டு நீரைக் கொட்டினால் செல்களும் கூடவே போய்விடும். 500 முதல் 600 ஜி வரை வேண்டும். மூன்றாவது, எல்லைக்கோடு. சிடி4, சிடி25, சிடி127 என்பவை செல்லின் மேற்பரப்புப் புரதங்கள். மனித சிடி4 செல்களில் சிடி25 உள்ளவை எங்கே முடிகின்றன, இல்லாதவை எங்கே தொடங்குகின்றன என்பதற்குத் தெளிவான இடைவெளி கிடையாது. அவரவர் கண்ணுக்குப் பட்ட இடத்தில் கோடு போட்டுவந்தோம். இனி ஒரு சாயத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தும் ஏற்றிய கட்டுப்பாட்டுக் குழாயைப் பார்த்தே கோடு போடப்படும். சிடி127 குறைவாக இருப்பதையும் சேர்த்தே பார்க்கப்படும். ஃபாக்ஸ்பி3 மட்டும் போதாது என்பதற்கும் காரணம் உண்டு: தூண்டப்பட்ட சாதாரண மனித டி செல்லிலும் அது சில நாட்களுக்குத் தலைகாட்டும்.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 2025 அக்டோபரில், இதே செல்களுக்காக மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது நம் எல்லாருக்கும் பெரிய ஊக்கம். அதையொட்டிச் சிறப்புக் கூட்டம் நடத்தினோம். ஷிமோன் சாகாகுச்சி 1995-இல் சிடி25 தாங்கிய இச்செல்களை அடையாளம் காட்டியதும், மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001-இல் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் ஸ்கர்ஃபி எலிகளின் நோய்க்குக் காரணமான ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டறிந்ததும், 2003-இல் அந்த மரபணுவே இச்செல்களின் வளர்ச்சியை ஆள்கிறது என்று தெரிந்து இரண்டும் ஒன்றோடொன்று இணைந்ததும் விரிவாகப் பேசப்பட்டன. பிரங்கோவும் ராம்ஸ்டெலும் எக்ஸ் குரோமோசோமில் இருபது மரபணுக்கள் வரை சுருக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, இருபதாவதில்தான் பிழையைக் கண்டார்கள். அந்தப் பத்தொன்பதையும் பொறுமையாகப் பார்த்த உழைப்பு மாணவர்களின் மனத்தில் ஆழப் பதிந்தது. ஏப்ரல் 29 உலக நோய் எதிர்ப்பியல் நாளில் பள்ளி மாணவர்களுக்கு ஆய்வகத்தைத் திறந்து காட்டினோம்.

செல் வளர்ப்பு அறையில் மைக்கோப்ளாஸ்மா என்னும் மிகச் சிறிய பாக்டீரியா புகுந்ததையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். இது கலங்கலாகக் காட்டாது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. செல்சுவர் இல்லாததால் பெனிசிலினுக்கும் மசியாது. பிற துறைகளைவிட நமக்குத்தான் இதனால் கேடு அதிகம். அதன் லிப்போபுரதங்கள் டிஎல்ஆர்2 என்னும் உணர்வி வழியாக, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களைத் தூண்டி, டிஎன்எஃப் என்னும் அழற்சிப் புரதத்தைச் சுரக்க வைக்கும். நாம் அதை நம் மருந்தின் விளைவென்று எழுதிக்கொண்டிருப்போம். தொற்றிய வளர்ப்புகள் அழிக்கப்பட்டன. அவற்றிலிருந்து வந்த முடிவுகளும் விலக்கப்பட்டன. சம்பந்தப்பட்ட மாணவர்கள் அதை மனம் கோணாமல் ஏற்றுக்கொண்டதற்கு மன்றம் நன்றி சொல்கிறது. இப்போது மாதந்தோறும், டிஎன்ஏ-வைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனை நடக்கிறது. புதிய செல் வரிசைகள் சோதனை முடியும்வரை தனி இன்குபேட்டரில் இருக்கும்.

உறைநிலைச் சேமிப்பு சீரானது. 10 விழுக்காடு டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்களைக் காக்கும் கரைப்பான்), 90 விழுக்காடு சீரம், மி.லிட்டருக்கு 50 இலட்சம் முதல் ஒரு கோடி செல்கள், நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிர்வித்தல், ஓரிரு நாளில் திரவ நைட்ரஜனுக்கு மாற்றம். குளிர்விக்கும் பெட்டியின் ஐசோபுரொப்பனாலை ஐந்து முறைக்கு ஒருமுறை மாற்றாமல் விட்டதே பல குப்பிகள் உயிரற்றுப்போனதற்குக் காரணம் என்று கருதுகிறோம். அது நீரை உறிஞ்சிக் குளிரும் வேகத்தைக் கெடுத்துவிடும். பெட்டியின் மூடியிலேயே தேதிப் பட்டியல் ஒட்டப்பட்டுள்ளது.

நிறமாற்றத்தால் புரதத்தை அளக்கும் எலைசா சோதனையில் ஒரே ஒரு தொல்லை: சோடியம் அசைடு என்னும் கெடாமல் காக்கும் பொருள் கலந்த கழுவுநீரால், நிறம் தரும் பெராக்ஸிடேஸ் நொதி முடங்கி, ஒரு தட்டு முழுவதும் நிறமே வரவில்லை. அசைடு உள்ள புட்டிகளுக்குச் சிவப்புப் பட்டை கட்டாயமாக்கப்பட்டது.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேலைகள் நிற்கின்றன. புதிதாக வாங்கும் ஒவ்வொரு எதிர்ப்பொருளையும் படிப்படியாக நீர்த்துப் பார்த்து உரிய அளவை எழுதிவைக்கும் பொதுப்பதிவேடு பாதியில் இருக்கிறது. ஒரே கொடையாளரின் உறைந்த செல்களை ஒவ்வொரு ஓட்டத்திலும் சேர்த்து ஓட்டும் வழக்கம் இன்னும் தொடங்கவில்லை. ஓட்டத்துக்கு ஓட்டம் வரும் வேறுபாட்டைப் பிடிக்க வேறு நல்ல வழி இல்லையென்பதால், அதற்கான குப்பிகளை முதல் மாதத்திலேயே தயார்செய்யக் கோருகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

செயலாளர்