ஞாயிற்றுக்கிழமை படித்துறைக்கு வருகிறேன்

தங்கச்சிக்கு,

வருகிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ போனில் கேட்டபோது "பார்ப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதிலிருந்து மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. நம் சபைகளின் நிர்வாகக் குழுவான சேகரக் கமிட்டியில் இருக்கிற ஒருவன், ஞாயிறு காலை ஆராதனையை விட்டுவிட்டு, தாமிரபரணியில் இன்னொரு சபையார் உனக்குக் கொடுக்கும் முழுக்கு ஞானஸ்நானத்துக்குப் போய் நின்றால் என்ன பேச்சு வரும் என்று உனக்கே தெரியும். வரட்டும்.

வருகிற வியாழக்கிழமையோடு உன் பிள்ளை போய்ப் பதினொரு வருஷம். அந்த நாளை ஒட்டித்தான் இதை வைத்தாயா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். வேதத்திலிருந்து பதில் சொல்கிறவன் என்று எத்தனையோ பேர் என்னிடம் கேள்வியோடு வருகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு இப்போது நான் சொல்லும் பதிலை உனக்கு மட்டும் சொன்னதே இல்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நம் சொந்தக்காரர்களும் இதை வாசிப்பார்கள். ஆகவே மாப்பிள்ளையைப் பற்றியோ, அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பற்றியோ இதில் எழுத மாட்டேன். நீ புரிந்துகொள்வாய்.

அந்த இரண்டாம் ராத்திரியை மட்டும் எழுதியாக வேண்டும்.

உன்னைச் சக்கர நாற்காலியில் வைத்து அந்தக் கண்ணாடிக் கதவு வரைக்கும் கொண்டுவந்தார்கள். உள்ளே பிள்ளை. நர்ஸ், "ஒருத்தர் மட்டும் கையைக் கழுவிட்டு உள்ள போய்ப் பாத்துக்கோங்க" என்றாள். நீ என்னைப் பார்த்துச் சொன்னாய்: "அண்ணே, நீங்களே கொஞ்சம் தண்ணி ஊத்திருங்களேன்."

என் பையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில் இருந்தது. அவசரத்தில் ஐயர், அதாவது சபைப் போதகர், இல்லாவிட்டால் எந்த விசுவாசியும், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீர் ஊற்றலாம் என்பது திருச்சபை எத்தனையோ நூற்றாண்டுகளாக ஒப்புக்கொண்டு வந்த வழக்கம். திருவிருந்தில் சேரும் முன் பிள்ளைகளுக்கு நடத்தும் திடப்படுத்தல் வகுப்பில் நானே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். விரல் நுனியில் எடுத்து நெற்றியில் வைத்தாலும் போதும். நான், "விடியட்டும்ட்டி, ஐயர் வந்துருவாங்க. முறைப்படி செய்வோம்" என்றேன்.

நாலு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

நான் முறை பார்த்தேன் என்றுதான் இத்தனை வருஷமாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், அது எனக்கு ஒரு வகையில் வசதியாக இருந்தது. நிஜம் வேறு. அந்தத் தண்ணீரை ஊற்றினால், பிள்ளை பிழைக்காது என்று உன் கண் முன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பாட்டிலை எடுத்திருந்தால் உனக்கு எல்லாம் தெரிந்துபோயிருக்கும். உனக்கு முன்பே தெரிந்துவிட்டது, அதனால்தான் கேட்டாய் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் காலையில், "பிள்ளை இப்போ எங்க இருக்கான் அண்ணே?" என்று கேட்டாய். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேதத்தைத் திறந்தேன். 2 சாமுவேல் 12:23. "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பிவரப்போகிறது இல்லை." மரித்த பிள்ளையிடம் ஒருநாள் போய்ச் சேருவேன் என்று தாவீது நம்பினார், நீயும் நம்பு என்று சொல்லத்தான் அதை எடுத்தேன். பிள்ளையை இழந்த வீட்டில் வாசிக்கிற வசனம்தான் அது. நீ கடைசி வரைக்கும் கேட்டாய். பிறகு, "பதினாலாம் வசனத்தையும் வாசிங்க" என்றாய்.

நான் வாசிக்கவில்லை. உரியாவைக் கொல்வித்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட பாவத்துக்காகத் தாவீதுக்கு வந்த தீர்ப்பு அது. நீ பார்க்காமலே சொன்னாய். "உனக்குப் பிறந்த பிள்ளை நிச்சயமாய்ச் சாகும்." அப்புறம் கேட்டாய்: "தாவீது உரியாவைக் கொன்னாரு. நான் யாரைக் கொன்னேன் அண்ணே?"

புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போனேன். டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். வாங்கி வரவில்லை.

மன்னித்துக்கொள் என்று எழுதினால் இது ஒரு வரியில் முடிந்துவிடும். அது எனக்குப் போதாது. உன் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும். நீ கேட்டது இரண்டு கேள்வி. இரண்டுக்கும் வேதத்தில் பதில் இருக்கிறது, இரண்டும் அன்றைக்கே எனக்குத் தெரியும். அதுதான் என்னை இன்னும் விடமாட்டேன் என்கிறது.

யாருடைய பாவம் என்பது சீஷர்களே கேட்ட கேள்வி. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்டார்கள். ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். யோவான் 9:3, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." தாவீதின் வீட்டில் நடந்ததற்குக் காரணத்தைச் சொல்ல நாத்தான் என்ற தீர்க்கதரிசியைக் கர்த்தரே அனுப்பினார். உன்னிடம் எந்த நாத்தானும் அனுப்பப்படவில்லை. அனுப்பப்படாதவன் வந்து காரணம் சொன்னால் நம்பாதே. உன் அண்ணன் சொன்னாலும் சரி, நீ இப்போது போகிற இடத்துப் பாஸ்டர் சொன்னாலும் சரி.

அடுத்தது, ஞானஸ்நானம் பெறாத பிள்ளை எங்கே என்பது. செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு வகுப்பில் நான் வைத்திருந்த கேள்விப்பெட்டி ஞாபகம் இருக்கிறதா? காயீனுக்குப் பெண்டாட்டி எங்கிருந்து வந்தாள், திரித்துவம் என்ற சொல் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று வருஷா வருஷம் அதே சீட்டுகள் வரும். 1998இல் ஒரு சீட்டு வந்தது. பெயர் இல்லை, ஆனால் உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? "சிலுவையில் இருந்த கள்ளன் ஞானஸ்நானம் எடுக்கவில்லையே, பின்னே எப்படிப் பரதீசுக்குப் போனான்?" உனக்குப் பதின்மூன்று வயது. அன்றைக்கு நல்ல பதில் சொன்னேன். மாற்கு 16:16ஐ இரண்டாகப் பிரித்துக் காட்டினேன். விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான் என்பது முதல் பாதி. ஆக்கினைக்குள்ளாகிறவன் யார் என்று சொல்லும் இரண்டாம் பாதியில் விசுவாசியாதவன் என்று மட்டும்தான் இருக்கிறது, ஞானஸ்நானம் பெறாதவன் என்று இல்லை. தண்ணீர் கட்டளை, கீழ்ப்படிய வேண்டியது. ஆனால் தண்ணீர் கிடைக்காதவனை ஆண்டவர் கைவிட்டதாக வேதத்தில் எங்கும் இல்லை. வகுப்பில் சொன்னதை ஆஸ்பத்திரியில் ஏன் சொல்லவில்லை?

என்னைப் பயமுறுத்தினது யோவான் 3:5. ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்கமாட்டான் என்ற வசனம். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆதித் திருச்சபையின் வேதசாஸ்திரி அகுஸ்தீன், ஞானஸ்நானமில்லாமல் சாகும் குழந்தைகளுக்கும் ஆக்கினை உண்டு, ஆனால் அது எல்லாவற்றிலும் இலேசானது என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் மோட்சமும் இல்லாத, நரக வேதனையும் இல்லாத ஓர் இடத்தை அவர்களுக்காக யோசித்து வைத்தார்கள். 1662ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம், ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு அடக்க ஆராதனையை வாசிக்கக் கூடாது என்று குறிப்புப் போட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் இறையியல் குழு 2007இல், இந்தக் குழந்தைகள் இரட்சிக்கப்படுவார்கள் என்று நம்புவதற்குத் தகுந்த காரணம் உண்டு என்று எழுதியது. இதையெல்லாம் நான் படித்தது பிள்ளை போன பிறகு. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். நீ என்னோடு பேசாமல் இருந்த அந்த ஒன்றரை வருஷம் அப்படித்தான் போனது.

படித்து முடித்து மறுபடியும் அந்த அதிகாரத்துக்கே வந்தேன். அந்த வார்த்தையை ஆண்டவர் யாரிடம் சொன்னார்? நிக்கொதேமுவிடம். இஸ்ரவேலில் போதகன், பதில் தெரிந்தவன், "ஒரு மனுஷன் முதிர்வயதாயிருக்கையில் எப்படிப் பிறப்பான்?" என்று கேட்டவன். பிள்ளைகளை ஆண்டவரிடம் கொண்டுவந்தபோது அவர் சொன்னது வேறு. "பரலோகராஜ்யம் அப்படிப்பட்டவர்களுடையது." மத்தேயு 19:14ஐக் குழந்தை ஞானஸ்நானத்துக்கு ஆதாரமாகத்தான் இத்தனை வருஷமும் காட்டிவந்தேன். அந்தப் பிள்ளைகளில் யாருக்காவது அவர் ஞானஸ்நானம் கொடுத்ததாக அங்கே ஒரு வரியும் இல்லை என்பதை, உன் பிள்ளையைப் புதைத்த பிறகுதான் கவனித்தேன். கையை வைத்தார். அவ்வளவுதான்.

பிள்ளை ஆண்டவரிடம் இருக்கிறான். இதைத்தான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இல்லை, அதைக்கூடச் சொல்லாமல் சும்மா இருந்திருக்கலாம். சூனேம் ஊரில் அந்தத் தாய் செத்த பிள்ளையை மேல்வீட்டில் கிடத்திவிட்டு ஓடிவந்து எலிசாவின் காலைப் பிடித்துக்கொண்டபோது, அவருடைய வேலைக்காரன் கேயாசி அவளை விலக்கப் போனான். எலிசா அவனைத் தடுத்தார். இவள் ஆத்துமா துக்கமாயிருக்கிறது, கர்த்தர் அதை எனக்கு அறிவிக்காமல் மறைத்துவிட்டார் என்று சொன்னார். அவ்வளவு பெரிய தீர்க்கதரிசி, தனக்குத் தெரியாது என்று சொன்னார்.

இதற்கு மேல் எழுதினால் கோபமும் வரும். வந்துவிட்டது.

உன் சாட்சி வீடியோவை ஒருவர் போனில் காட்டினார். "எங்க அண்ணனுக்கு வசனம் தெரியும், இரக்கம் தெரியாது" என்கிறாய். எல்லோரும் அல்லேலூயா சொல்கிறார்கள். என்னைச் சொன்னதைப் பொறுத்துக்கொள்வேன். நம் சபையைச் "செத்த சபை" என்று சொன்னாயே? பதினாலாம் வசனத்தைப் பார்க்காமல் சொல்ல உனக்கு யார் கற்றுக்கொடுத்தது? வேதப் பரீட்சைக்கு உன்னை உட்காரவைத்து, சபை விருந்தான அசனத்தன்று எல்லோர் முன்னாலும் பரிசு கொடுத்தது அந்தச் சபைதானே? நீ என்னிடம் கேட்ட அந்தக் கேள்விக்கு வார்த்தை கொடுத்ததே அங்கே படித்த படிப்பு.

அப்பா விஷயம் அதைவிட வலிக்கிறது. மூன்று மாதப் பிள்ளையாக உன்னை ஞானஸ்நானத் தொட்டிக்குக் கொண்டுபோனபோது எனக்கு ஒன்பது வயது. தலையில் தண்ணீர் பட்டதும் வீரிட்டு அழுதாய். அப்பா தன் வேட்டி முனையால் உன் தலையைத் துடைத்தார். இப்போது நீ ஆற்றில் இறங்கினால் அது ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுகிறது. ஆகாது என்று நான் நம்புகிறேன். "ஒரே கர்த்தரும், ஒரே விசுவாசமும், ஒரே ஞானஸ்நானமும்" என்பது எபேசியர் 4:5. 1982இல் பெரு நாட்டின் லீமாவில் பல சபைகளின் இறையியலாளர்கள் கூடி, மறுஞானஸ்நானம் என்று அர்த்தமாகக்கூடிய எதையும் தவிர்க்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அப்போஸ்தலர் 19ஐ நீ காட்டுவாய், அங்கே ஸ்நானம் பெற்றிருந்தவர்களே மறுபடியும் ஞானஸ்நானம் பெற்றார்களே என்பாய். எபேசுவில் இருந்த அவர்கள் பெற்றிருந்தது யோவானின் ஸ்நானம். உனக்கு அப்பா கொடுக்கச் செய்தது இயேசுவின் நாமத்தில்.

ஸ்நானம் என்றால் குளிப்பது, உச்சந்தலையில் மூன்று துளி தெளித்ததை யாராவது குளியல் என்பார்களா என்று நீ கேட்டாய். நல்ல கேள்வி. தமிழ்ச் சொல் உன் பக்கம்தான் பேசுகிறது. ஆனால் அப்போஸ்தலர் காலத்துக்குக் கொஞ்சம் பின்னால் எழுதப்பட்ட திதாகே என்ற போதனை நூலில், ஓடுகிற தண்ணீரில் கொடு, அது இல்லாவிட்டால் வேறு தண்ணீரில் கொடு, அதுவும் இல்லாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்று இருக்கிறது. இல்லாத இடத்தில் இருக்கிறதைக் கொண்டு செய். பாதி பாட்டில் தண்ணீரும் அதில் அடங்கும்.

அதே நியாயத்தோடு நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றவர்களாக அப்போஸ்தலர் நடபடிகளிலிருந்து லீதியாள் வீட்டார், சிறைச்சாலைக்காரன் வீட்டார் என்று நாங்கள் காட்டுகிற இடங்களில் கைக்குழந்தை இருந்ததாக எழுதியில்லை. சிறைச்சாலைக்காரன் தன் வீட்டார் அனைவரோடும் விசுவாசித்தான் என்றுதான் இருக்கிறது. யூதப் பிள்ளைகளுக்கு எட்டாம் நாளில் செய்கிற விருத்தசேதனத்தோடு ஞானஸ்நானத்தைக் கொலோசெயர் 2 சேர்த்துப் பேசுகிறது, அதனால் குழந்தைகளுக்கும் உண்டு என்று நான் எடுக்கிறேன். நீ எடுக்கவில்லை. நீ தெரிந்து, கேட்டு, உன் வாயால் அறிக்கை பண்ணி இறங்க விரும்புகிறாய். உன் பிள்ளைக்கு ஒரு துளிகூடக் கிடைக்காதபோது, உனக்கு ஒரு ஆறு முழுக்க வேண்டும் என்று தோன்றுகிறதோ என்று ஒருநாள் நினைத்தேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடு. சரியாக இருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஆகவே உன் உபதேசத்தை ஒப்புக்கொண்டு நான் வரவில்லை. கமிட்டியில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். நீ என்னை இரண்டாம் தடவையாகத் தண்ணீர்ப் பக்கம் கூப்பிட்டிருக்கிறாய். விடியட்டும் என்று இந்தத் தடவை சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒன்று. அடக்கப் பதிவேட்டில் சபை ஊழியருக்குப் பதிலாக நான்தான் எழுதினேன். பெயர் என்ற இடத்தில் "ஆண் குழந்தை" என்று எழுதி, பக்கத்தில் மாப்பிள்ளை பெயரை எழுதினேன். ஞானஸ்நானத்தில்தானே பெயர் வைப்போம், அதனால் பெயர் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நீ ஏழாம் மாதத்திலேயே ஒரு பெயர் நினைத்து வைத்திருந்தாய் என்று அம்மா போன வருஷம்தான் சொன்னாள். என்ன பெயர் என்று அவளுக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொல்கிறாயா?

ஆறு மணிக்கு முன்னாலேயே வந்துவிடுவேன். மழை பெய்துகொண்டிருக்கிறது, ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கும். கீழ்ப் படியில் பாசி இருக்கும், பார்த்து இறங்கு. துண்டு நான் கொண்டுவருகிறேன்.

அண்ணன்