தெருமுனையில் ஏறிய நட்சத்திரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாலக்காட்டில் எங்கள் தெருமுனை பார் மறுபடி முகம் மாற்றிக்கொண்டிருக்கிறது. 2014-இல் கேரள அரசு 418 பார்களின் உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டபோது இதுவும் பூட்டப்பட்டது. பிறகு சில காலம் பீரும் ஒயினும் மட்டும் விற்றார்கள். 2017 ஜூலையில் மூன்று நட்சத்திர விடுதிகளில் பார் நடத்த மீண்டும் அனுமதி வந்ததும், அந்தத் தகுதிக்காக மாடியில் அவசரமாக அறைகள் எழும்பின. அங்கே யாரும் தங்கி நான் பார்த்ததில்லை. இப்போது கண்ணாடிக் கதவு, நீல விளக்கு.

பழைய கூடத்தில் வெளிச்சம் போதாது, மேசை ஆடும். ஆனால் சுமை தூக்குபவரும் பள்ளி ஆசிரியரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவித்த கடலையில் தேங்காய்ச் சில்லும் பச்சை மிளகாயும் போட்டு, ஒரு பெரியவர் கேட்காமலே கொண்டுவந்து வைப்பார். அதே கடலை இன்று சதுரத் தட்டில் வருகிறது. விலையைக் கேட்டாலே தாகம் தணிந்துவிடும். பெஞ்சுக்காரர்கள் கள்ளுக்கடைக்குப் போய்விட்டார்கள். இங்கே இப்போது பெண்கள் குடும்பத்தோடு வந்து கூச்சமின்றிச் சாப்பிடுகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் புகார் வாசலைப் பற்றியது. இரவு பதினொரு மணிக்கு மூடும்வரை எங்கள் கேட்டை மறித்தபடி பைக்குகள் நிற்கின்றன. மது விற்காத ஒன்றாம் தேதி மட்டுமே என் ஸ்கூட்டரைச் சிரமமின்றி வெளியே எடுக்கிறேன். மாடி அறைகளை எண்ணிப் பார்க்கும் அதிகாரிகள், கீழே வண்டி நிறுத்த எத்தனை இடம் இருக்கிறது என்பதையும் எண்ணட்டும்.

- ஒரு வாசகர், பாலக்காடு