ஒரே தலையில் இரண்டு முடி

செல்லூர், மதுரை
வைகாசி, ஞாயிறு மதியம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடுவதிலேயே நாள் ஓடிவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறார். நேற்று திண்ணையில் உட்கார்ந்து தானே பூக்கட்டினார். உன் வீட்டுக்காரருக்கு முதுகுவலி குறைந்ததா? அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே.

கடைசியில் இரண்டு வரியில் நீ எழுதியதுதான் மனதிலேயே நிற்கிறது. காலேஜ் திறப்பதற்குள் முடியை ஸ்ட்ரெய்ட்டனிங் செய்தே ஆக வேண்டும் என்று பாப்பா அடம்பிடிக்கிறாள், ஏழாயிரம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கொடுக்காதே என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் வயதில் அதே கண்ணாடி முன்னால் நானும் நின்றிருக்கிறேன். ரெட்டைச் சடைக்குள் அடங்காமல் நெற்றியில் பறக்கிற முடிக்கு அம்மா எண்ணெயை வழிய வழிய வைப்பார். கிளாஸில் எல்லோரும் பரட்டை என்பார்கள். நீ ஒருத்திதான் சுருட்டை என்று கூப்பிடுவாய். அதை நான் மறக்கவில்லை.

2016இல் தங்கை கல்யாணத்துக்கு முதல் தடவை செய்துகொண்டேன். ஆல்பத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் அழகு என்றார்கள், எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் நான்கு மாதத்தில் வேரில் சுருள் எட்டிப் பார்க்கும். மறுபடி போ, மறுபடி பணம். இப்படி ஆறு வருடம். 2022 தை மாதம் ஒரு பார்லரில் மருந்து வைத்தபோது மண்டை திகுதிகுவென்று எரிந்தது. சொன்னேன், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள், பொறுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் காதுக்குப் பின்னால் தோல் உரிந்து நீர் கசிந்தது. நெற்றி ஓரத்தில் முடி ஏற்கெனவே மெலிந்திருந்தது. அன்றோடு நிறுத்திவிட்டேன்.

பாப்பாவுக்கு இதை மட்டும் புரியும்படி சொல். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். கந்தகப் பிணைப்புகள் உள்ளே கட்டி வைத்திருப்பதால்தான் அது தன் வடிவத்தில் நிற்கிறது. பார்லர் க்ரீமில் இருக்கும் தயோகிளைகோலேட் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. அயர்ன் வைத்து நேராக்கி, அப்புறம் இன்னொரு மருந்து போட்டு, நேராக இருக்கிற நிலையிலேயே திரும்பக் கட்டிவிடுகிறார்கள். கட்டிய பூவை அவிழ்த்து வேறு மாதிரி கட்டுவது போல. அப்படி மாறிய முடி என்ன செய்தாலும் பழையபடி சுருளாது. வேரிலிருந்து புதிதாக முளைப்பதுதான் நம்முடையது, அதுவும் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான்.

மருந்தை நிறுத்திய பிறகு வந்த பதினாறு மாதம் எனக்குச் சுலபமாக இல்லை. ஒரே தலையில் இரண்டு முடி. மேலே அடர்ந்த சுருள், கீழே வைக்கோல் மாதிரி நீட்டம். இரண்டும் சேருகிற இடம்தான் ரொம்ப பலவீனம். சீப்பு வைத்தால் அங்கேதான் ஒடியும். குளிக்கிற இடத்தில் துண்டு துண்டாகக் கிடந்ததைப் பார்த்து இரண்டு தடவை மறுபடி பார்லருக்கு போன் செய்துவிட்டு, எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். வெளியே போகும்போது கொண்டைதான். கல்யாண வீடுகளில் என்ன முடி இப்படி ஆகிவிட்டது, தைராய்டு பார்த்தாயா என்பார்கள்.

2023 சித்திரையில் வெட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு, எடுப்பது என்று ஆகிவிட்டது, அழகருக்குப் பூமுடி கொடுத்துவிட்டு மீதியை வெட்டு என்றார். அழகர்கோவிலுக்கு இருவரும் போய் வந்தோம். மறுநாள் நேராக இருந்ததையெல்லாம் வெட்டினேன். மிச்சம் இருந்தது இழுத்துப் பிடித்தால் ஒரு சாணுக்குக் குறைவு, விட்டால் நான்கு விரல். ஏழு வருடம் கழித்து என் சொந்த முடியை அன்றுதான் தொட்டுப் பார்த்தேன் என்று சொன்னால் நீ நம்புவாய். கண்ணாடியில் பார்த்தபோது, பெண்ணின் கூந்தலை ஆற்று அறலுக்கு ஒப்பிட்ட பழைய பாட்டைத் தமிழ் டீச்சர் விளக்கியது ஞாபகம் வந்தது. தண்ணீர் வடிந்த பின் மணலில் நெளிநெளியாக நிற்குமே, அதுதான் அறல். வைகைக் கரையில் வளர்ந்த நமக்கு அதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டுமா?

சுருட்டை முடியைப் பார்த்துக்கொள்ளும் விதமே வேறு, அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மண்டையில் சுரக்கிற எண்ணெய் வளைவுகளில் இறங்கி நுனி வரை போகாது, அதனால்தான் வறண்டு பறக்கிறது. காய்ந்த முடியில் சீப்பு வைக்கவே கூடாது. ஈரமாக, கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே பிரிக்க வேண்டும். உசிலம்பட்டி அத்தை அரப்புப் பொடி கொடுத்தார். அது எண்ணெயை முழுக்க எடுத்துவிட்டது, எனக்கு ஒத்துவரவில்லை. செம்பருத்தி இலையை அரைத்துக் குழைவாகத் தேய்ப்பது நன்றாக இருக்கிறது. ஆளி விதையை வேகவைத்து வடிகட்டி, அந்தக் கூழை ஈர முடியில் தடவினால் சுருள் கலையாமல் நிற்கும். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதிலுள்ள கால்சியம் படிந்து முடி முரடாகும். அதனால் கடைசி அலசலுக்கு ஒரு வாளி கார்ப்பரேஷன் தண்ணீர் பிடித்து வைக்கிறேன். துவட்டுவதற்கு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து வைத்திருக்கிறேன். தேய்ப்பதில்லை, ஒற்றி எடுப்பதுதான்.

இன்னொன்று. முடியைப் படிய வைப்பதற்கென்று பார்லரில் செய்யும் கெரட்டின் ட்ரீட்மென்ட் பாதுகாப்பானது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதே. அந்த வகையில் பலவற்றைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வரும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. 2022 அக்டோபரில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று வந்தது. 33,497 பெண்களைக் கிட்டத்தட்ட பதினோரு வருடம் கவனித்திருக்கிறார்கள். ஒரு வருடத்தில் நாலு தடவைக்கு மேல் முடியை நேராக்கும் மருந்து போட்டவர்களுக்கு 70 வயதுக்குள் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், போடாதவர்களுக்கு 1.64. மருந்துதான் காரணம் என்று முடிவு கட்டவில்லை, தொடர்பு தெரிகிறது என்றார்கள். பாப்பாவைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் பதினேழு வயதில் தொடங்கினால் எத்தனை வருடம் போட வேண்டியிருக்கும் என்று நீ கணக்குப் பார்.

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் பல தலைமுறையாக, முடியை நேராக்கும் ரிலாக்ஸர் என்ற மருந்தைப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு வகையில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, சோப்பு காய்ச்சும் காஸ்டிக் சோடாவேதான். பிறந்தபடி இருக்கும் முடியோடு வேலைக்கும் பள்ளிக்கும் வருபவர்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று கலிபோர்னியாவில் 2019இல் சட்டமே போட வேண்டியிருந்தது. படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவர்கள் பட்டதும் நாம் பட்டதும் ஒன்றல்ல, ஆனாலும் அந்தக் கண்ணாடி எனக்குத் தெரியும்.

கோரை முடி குடியைக் கெடுக்கும், சுருட்டை முடி சோறு போடும் என்று உன் ஆச்சி சொல்வாரே. அப்போது அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது! கோரை முடிக்காரர்கள் பாவம், அவர்களும் என்ன செய்வார்கள்.

காலேஜ் திறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பாப்பாவை ஒரு வாரம் இங்கே அனுப்பி வை. இரண்டு தடவை நான் தலை அலசிவிடுகிறேன், காய்ந்ததும் அவளே கண்ணாடியில் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் அது அவள் முடி, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். குண்டுமல்லி இப்போது மலிவாகத்தான் இருக்கிறது. அம்மா கட்டித் தருவார். சுருளில் செருகினால் ஹேர்பின்கூட வேண்டாம், அப்படியே நிற்கும். பஸ் ஏறியதும் போன் செய்யச் சொல், மாட்டுத்தாவணிக்கு நான் வந்துவிடுகிறேன்.

உன்
சுருட்டை