பொடி சொன்ன கதை

அன்புள்ள சேகர்,

நலமா? உன் கடிதத்துக்கு ஒரு மாதம் கழித்துப் பதில் போடுகிறேன், திட்டாதே. மகளுக்குப் பரீட்சை, அப்புறம் எனக்கே இரண்டு நாள் பயிற்சி. ஆபத்தான கிருமி பரவினால் என்ன செய்வது என்று ஆய்வகக்காரர்களையும் உங்கள் தீயணைப்புக்காரர்களையும் 108 ஆம்புலன்ஸ் பையன்களையும் ஒரே ஹாலில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். உன் நினைவு வராமல் இருக்குமா?

கவச உடையை மாட்டுவதில் ஒன்றுமில்லை. கழற்றுவதில்தான் மாட்டிக்கொண்டேன். உடைமேல் கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் பொடியைத் தூவிவிட்டு, கழற்றச் சொன்னார்கள். வெளிக் கையுறை முதலில், மாஸ்க் கடைசியில், ஒவ்வொரு கட்டத்திலும் கை சுத்தம். இருபது வருடம் லேபில் குப்பை கொட்டியவன் நான், அலட்சியமாகக் கழற்றினேன். விளக்கை அணைத்து, புற ஊதா லைட்டை அடித்தார்கள். மணிக்கட்டில் ஒரு வளையம், காதுக்குப் பின்னால் ஒரு தீற்றல், நீல நிறத்தில் பளிச்சென்று. பக்கத்தில் நின்ற ஆம்புலன்ஸ் பையன் சிரித்தான். அடுத்து அவன் முறை. அவன் மூக்கு நுனியே மின்னியது!

2018 மே மாதம் கேரளாவின் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் வந்தது ஞாபகம் இருக்கிறதா? பேராம்பிராவில் முதல் நோயாளி இறந்தபோது அது நிபா என்று யாருக்கும் தெரியாது. அதே வீட்டில் அடுத்தடுத்து ஆட்கள் விழுந்த பிறகுதான் டாக்டர்களுக்குச் சந்தேகம் தட்டி, மாதிரி மணிப்பாலில் இருக்கும் வைரஸ் ஆய்வகத்துக்குப் போனது. அதற்குள் ஆஸ்பத்திரியிலேயே தொற்றிவிட்டது. முதல் நோயாளியைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் லினி இறந்துபோனார். அவரைவிட என்னை உறுத்துவது, அந்த நோயாளி இருந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வேறு வேலையாக நின்றிருந்த சிலருக்கும் வந்ததுதான். மறுவருடம் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு வந்தபோது முந்நூறு பேருக்கு மேல் தேடிப்பிடித்துக் கண்காணித்தார்கள். அவரும் பிழைத்தார், வேறு ஒருவருக்கும் பரவவில்லை. ஒரு வருடத்தில் கிருமியா மாறிவிட்டது? ஆட்கள் பழகியிருந்தார்கள்.

பயிற்சியில் சொன்ன இன்னொன்று. பெரியம்மையால் உலகில் கடைசியாக இறந்தவர் ஜேனட் பார்க்கர், 1978, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். அவர் அந்தக் கிருமியைத் தொட்டவரே இல்லை. மருத்துவக் கல்லூரியின் புகைப்படக்காரர், வேலை செய்த அறை ஆய்வகத்துக்கு மேல் மாடியில். கிருமி எந்த வழியாக மேலே போனது என்று இன்றுவரை முடிவாகவில்லை.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் லேபில் பெருக்கும் அம்மாவின் முகம்தான் வந்தது. பயிற்சிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கேட்டேன், “அவங்களுக்கு எதுக்கு சார்?” என்றார்கள். சரி என்று, மிச்சப் பொடியில் கொஞ்சம் வாங்கி வந்து, மறுநாள் காலையில் மஞ்சள் கழிவுப் பையின் முடிச்சில் தடவி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. (சொல்லாமல் செய்தது தப்புதான், என் மனைவி ஏற்கெனவே திட்டிவிட்டாள்.) மாலையில் லைட்டை அடித்துக்கொண்டே நடந்தேன். துடைப்பத்தின் பிடி. லிஃப்ட் பொத்தான். கடைசியாக, நாங்கள் எல்லோரும் குடிக்கும் டீ ஃபிளாஸ்க்கின் மூடி.

மறுநாள் அந்த அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “எனக்குக் கையுறை மாசத்துக்கு ஒரு ஜோடிதான் சார் தர்றாங்க” என்றார். இப்போது அதற்காக ஒரு கடிதம் எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் ஸ்டேஷனில் எப்படி? ஆசிட் லாரி கவிழ்ந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் பார்ப்பீர்கள், அது தெரியும். வீட்டில் மூன்று பேர் காய்ச்சலில் மயங்கிக் கிடக்கிறார்கள் என்று அழைப்பு வந்தால் உன் பையன்கள் நேரே உள்ளே ஓடுவார்களா, வாசலில் நின்று நாலு கேள்வி கேட்பார்களா? எழுது.

டப்பாவில் இன்னும் பொடி இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். உன் ஸ்டேஷன் கேன்டீனில் ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
முரளி