நம்பர் செத்துப்போனால் எல்லாம் நின்றுவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு, 5ஜி, மின்பணப்பை, மின்னிலக்க அடையாளம் என்று தினமும் ஒரு புதுமை செய்தியில் வருகிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் இவற்றுக்கெல்லாம் வாசல் ஒன்றுதான்: பத்து வெள்ளி (ரிங்கிட்) ரீலோட்டில் ஓடும் பிரீபெய்ட் நம்பர். வங்கி, இபிஎப் (ஊழியர் சேமநிதி), அரசின் எஸ்டிஆர் உதவித்தொகை, மின்பணப்பை, பள்ளி வாட்ஸ்அப் குழு எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. அந்த நம்பர் எப்படிச் செத்துப்போகிறது என்பதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

பிரீபெய்டில் காசு வேறு, கெடு (நம்பர் செல்லுபடியாகும் காலம்) வேறு. கணக்கில் இருபது வெள்ளி மிச்சம் இருந்தாலும் கெடு முடிந்தால் வெளியே அழைக்க முடியாது. அதற்குப் பிறகும் சில வாரங்களுக்கு அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும் உள்ளே வந்துகொண்டிருக்கும். "ஃபோன்தான் வருதே" என்று பெரியவர்கள் சும்மா இருந்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். இந்தச் சலுகைக் காலம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதுவும் கடந்துவிட்டால் நம்பர் ரத்தாகும், மிச்சக் காசும் போகும். பின்னர் ஒருநாள் அதே நம்பர் புது சிம்மாக வேறொருவர் கைக்குப் போய்விடும்.

வீட்டில் வைஃபை இருந்தால் இது கண்ணுக்கே தெரியாது. சிம் செத்துப்போன பிறகும் வைஃபையில் வாட்ஸ்அப் ஓடும், பேத்தியோடு வீடியோவில் பேசலாம், யூடியூப் பார்க்கலாம். வங்கியிலிருந்து ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண் வரவேண்டிய அன்றுதான் நம்பர் இல்லை என்பது தெரியும். ஆகவே வாட்ஸ்அப் ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மாதம் ஒருமுறை வைஃபையை அணைத்துவிட்டு, சாதாரண அழைப்பாக யாருக்காவது ஒரு ஃபோன் போட்டுப் பாருங்கள். ரீலோட் செய்ததும் வரும் எஸ்.எம்.எஸ்ஸில் கெடு தேதி இருக்கும். அதை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அதிகம் பேசாதவர்களுக்கு, ஓராண்டு வரை கெடுவை மட்டும் நீட்டித்துக்கொள்ளும் திட்டம் சில கம்பெனிகளில் உண்டு. அது கடையில் தானாகச் சொல்லப்படுவதில்லை, கேட்டு வாங்க வேண்டும். வாரம் ஐந்து வெள்ளி போட்டுக்கொண்டிருப்பதைவிட மலிவு.

அடுத்த சிக்கல், சிம் யார் பெயரில் இருக்கிறது என்பது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் தன் மைகாட்டில் (அடையாள அட்டையில்) வாங்கி அம்மாவுக்குக் கொடுத்திருப்பார். ஃபோன் தொலைந்தாலோ சிம் பழுதானாலோ மாற்று சிம் வாங்கப் பதிவுக்காரர் மைகாட்டோடு நேரில் வரவேண்டும். அம்மா பத்துத் தடவை நடந்தாலும் கிடைக்காது. தீபாவளிக்கு மகன் வரும்போது இருவரும் மைகாட்டோடு கம்பெனியின் சேவை மையத்துக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொள்வதே வழி. கணவர் பெயரில் இருந்து அவர் இறந்துவிட்டால் இறப்புச் சான்றிதழோடு போகவேண்டி வரும். அதைத் தள்ளிப்போட்டால் கெடு தாண்டிவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. தோட்டத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளி கேட்டார், பாவம் என்று நம் மைகாட்டில் சிம் எடுத்துக் கொடுப்பது. அந்த நம்பர் மோசடிக்குப் பயன்பட்டால் போலீஸ் முதலில் தட்டுவது நம் வீட்டுக் கதவைத்தான். பாவம் பார்ப்பவர் அவரைச் சேவை மையத்துக்கே அழைத்துப்போய், அவருடைய கடப்பிதழில் எடுத்துக் கொடுக்கட்டும்.

லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) சிக்னல் சரியில்லை என்று கம்பெனி மாறும்போது பலர் புது நம்பரே வாங்கிவிடுகிறார்கள். தேவையே இல்லை. நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி இந்நாட்டில் 2008 முதல் இருக்கிறது. பழைய சிம் உயிரோடு இருக்கவேண்டும், பதிவும் உங்கள் பெயரில் இருக்கவேண்டும். மிச்சக் காசு புது கம்பெனிக்கு வராது, எனவே தீர்த்துவிட்டு மாறுங்கள்.

சிக்னல் என்றதும் இன்னொன்று. 2021 இறுதியில் 3ஜி மூடப்பட்டது. 4ஜி ஃபோன் வைத்திருந்தாலும் அதில் வோல்ட்டி (4ஜியிலேயே பேச வைக்கும் வசதி) முடுக்கப்படாமல் இருந்தால், பேசும்போது ஃபோன் 2ஜிக்கு இறங்கிவிடும். 2ஜியில் பேசும்வரை டேட்டா ஓடாது. வங்கி அதிகாரியோடு பேசிக்கொண்டே "ஆப்பில் ஒப்புதல் வந்ததா?" என்று தேடினால் ஒன்றும் வந்திருக்காது, பேச்சை முடித்ததும்தான் வரும். "நெட் போய்விட்டது" என்று பழி சிக்னல் மேல் விழுகிறது. அமைப்புகளில் சிம் அல்லது மொபைல் நெட்வொர்க் பகுதிக்குள் போய் வோல்ட்டி (சில ஃபோன்களில் 4ஜி அழைப்பு என்றிருக்கும்) முடுக்குங்கள். இது இரண்டு நிமிட வேலை. அந்த வரியே இல்லாத பழைய ஃபோனாக இருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

நம்பர் போயே விட்டதா? வரிசை முக்கியம். முதலில் வங்கிக் கிளைக்கு மைகாட்டும் வங்கி அட்டையும் எடுத்துக்கொண்டு நேரில் போய் நம்பரை மாற்றுங்கள். பிறகு இபிஎப் முகப்பு, அங்கே கைரேகை எடுப்பார்கள். அதன்பின் எஸ்டிஆர், மின்பணப்பை, மற்றவை. புது ஃபோனில் வங்கி ஆப்பைப் பதிந்ததும் பல வங்கிகளில் 12 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். முகப்பில் இருக்கும் பெண்ணிடம் சண்டை போட்டுப் பயனில்லை. மோசடிக்காரன் உங்கள் கணக்கை வேறு ஃபோனில் ஏற்றினால் பணம் உடனே பறக்காமல் இருக்க, 2022-ல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா கொண்டுவந்த ஏற்பாடு அது. அதே ஆண்டுதான் எஸ்.எம்.எஸ். வழி வரும் எண்ணையும் கைவிட்டு ஆப் ஒப்புதலுக்கு மாறும்படி வங்கிகளுக்குச் சொல்லப்பட்டது. மருத்துவச் செலவுக்குப் பணம் தேவைப்படும் நாளில் ஃபோனை மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

வங்கிக் கணக்கு எண் சொல்லாமலே பணம் வாங்க உதவும் டூயிட்நவ்வில் நம்பரைப் பதிந்திருப்பவர்கள், அதற்குப் பதில் ஐசி (அடையாள அட்டை) எண்ணைப் பதியலாம். வங்கி ஆப்பில் டூயிட்நவ் பகுதியிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஐசி எண்ணுக்கு ரீலோட் வேண்டியதில்லை. அதை ஊருக்கெல்லாம் கொடுக்காமல் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுங்கள்.

சிம் வாங்கும்போது அது பொருந்தியிருக்கும் பெரிய பிளாஸ்டிக் அட்டையைக் கடையிலேயே போட்டுவிட்டு வருகிறோம். அதில்தான் பெரும்பாலும் பக் (PUK) எண் அச்சாகியிருக்கும். சிம்முக்குப் பின் (PIN) எண் வைத்தவர் அதை மூன்று முறை தவறாக அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், திறக்கப் பக் வேண்டும். அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் அந்த சிம் குப்பைக்குத்தான். எனவே அட்டையை ஐசி நகலோடு வையுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க பின் வையுங்கள்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதே கம்பெனியில் சிக்னல் இருந்து, உங்கள் ஃபோனில் மட்டும் திடீரென்று சேவை இல்லை என்று காட்டினால் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அப்படியும் வராவிட்டால் உங்கள் நம்பருக்கு வேறு யாரோ சிம் எடுத்திருக்கலாம். இன்னொரு ஃபோனிலிருந்து உடனே உங்கள் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், பணம் போயிருந்தால் மோசடிப் புகார் எண்ணான 997-ஐயும் அழையுங்கள்.

இத்தனைக்கும் நடுவே, சமீபத்திய திட்டங்களில் தோட்டத்து முதியவர்களைத் தவிக்கவிடாதவை எவை என்று பார்த்தால், 2001-ல் வந்த மைகாட் சில்லை (சிப்) நம்பியவைதான். 2025 ஆகஸ்டில் வந்த நூறு வெள்ளி சாரா உதவிக்கு (அரசின் அத்தியாவசியப் பொருள் உதவி) மளிகைக் கடையில் மைகாட்டைக் கொடுத்தாலே போதுமாக இருந்தது. செப்டம்பர் இறுதியில் பூடி95 என்ற பெட்ரோல் மானியம் வந்தபோதும், எண்ணெய் நிலையத்தில் மைகாட்டைச் செருகி லிட்டர் 1.99 வெள்ளி விலையில் போட முடிந்தது. ரீலோட், பாஸ்வேர்ட், சிக்னல் எதுவும் வாங்குபவருக்குத் தேவைப்படவில்லை. அந்தச் சில்லைச் சாவிக்கொத்தோடு பையில் போட்டுத் தேய்க்காமல், வியர்வை படாமல் ஓர் உறைக்குள் வைத்தால் போதும். புதுத் திட்டம் தீட்டுபவர்கள் எல்லாவற்றையும் ஆப்புக்குள் தள்ளுவதற்குமுன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தொலைத்தொடர்பு கம்பெனிகளிடமும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடமும் கேட்பது இதுதான். கெடு முடியப்போகிறது என்ற எச்சரிக்கை, முடியப்போகும் அதே நம்பருக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ எஸ்.எம்.எஸ்ஸாகப் போகிறது. அறுபதைத் தாண்டியவர்களின் சிம்மைப் பதியும்போது மகனோ மகளோ யாராவது ஒருவரின் இரண்டாவது நம்பரையும் வாங்கி, அதற்கும் அந்த எச்சரிக்கையை அனுப்புங்கள். முதியவருக்கு எஸ்.எம்.எஸ்ஸுக்குப் பதில் தமிழில் ஒரு குரல் அழைப்பு போகட்டும்.

முன்பு பெடி என்றிருந்து இப்போது நாடி எனப்படும் இணைய மையங்களை நடத்துபவர்கள் தீபாவளிக்கு முந்திய வார இறுதியில் ஒருநாள் ஒதுக்கி, கம்பெனி ஆட்களையும் அழைத்து, பெயர் மாற்றத்தையும் கெடு நீட்டிப்பையும் அங்கேயே செய்துகொடுக்கலாம். பெற்றோர் மைகாட், பிள்ளையின் மைகாட், அந்த ஃபோன், இவை மூன்றையும் கொண்டுவந்தால் போதும் என்று கோயில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினால் கூட்டம் தானாக வரும்.

கைப்பேசி விற்பனை, பழுதுபார்ப்புத் துறையினர்,
சுங்கை சிப்புட், பேராக்