வேலையைச் சொல்லிவிட்டு ஆளை அனுப்புங்கள்

ஐ.நா. பாதுகாப்பு அவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மே 29 வந்தால் நியூயார்க்கில் மலர்வளையம் வைக்கிறீர்கள், இறந்த அமைதிப்படை வீரர்களுக்குப் பதக்கம் தருகிறீர்கள். மறுபடியும் அந்தப் படங்களைப் பார்த்தேன், சும்மா இருக்க முடியவில்லை.

மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2013-ல் அங்கே போன ஐ.நா. அமைதிப்படை 2023-ல் திரும்பியது, நடுவில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான் கேட்பது அந்த நாட்டுச் சாலைகளைப் பற்றி. முகாமுக்கு அரிசி, டீசல் எல்லாம் லாரியில் போக வேண்டும், லாரிக்குக் காவலாக வீரர்கள் போக வேண்டும், மண்ணுக்குள் வெடி இருக்கிறதா என்று தேடித் தேடி அத்தனை வண்டிகளும் ஊர்ந்து போக வேண்டும். 2019 ஜனவரி 25 அன்று மாலியின் துவென்சா ஊர் அருகே அப்படிப் போன இலங்கை வீரர்கள் இரண்டு பேர் வெடியில் செத்தார்கள். (இலங்கை ராணுவத்தோடு எங்களுக்கு வேறு கணக்கு உண்டு, அது தனி.) ஊரைக் காக்கப் போன படைக்குத் தன் சோற்று மூட்டையைக் காப்பதே பெரும்பாடாகிவிட்டது. விட்டு வரும்போதாவது நிம்மதி உண்டா? 2023 அக்டோபர் கடைசியில் வடக்கு மாலியின் கிடால் முகாமை விட்டுக் கிளம்பியவர்களுக்கு விமானத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. காவோ நகரம் வரை தரைவழி, வழியெல்லாம் வெடி, முப்பதுக்கும் மேற்பட்டோருக்குக் காயம்.

தெரியாமல் நடந்ததா? பயங்கரவாத எதிர்ப்புப் போருக்கு அமைதிப்படை ஏற்றதல்ல என்று 2015-லேயே ஐ.நா. அமைத்த ராமோஸ் ஹோர்டா ஆய்வுக் குழு சொன்னது. ஐ.நா.வின் நீல ஹெல்மெட்டும் கொடியும் இனி யாரையும் காப்பாற்றாது என்று 2017-ல், முன்பு அமைதிப்படைக்குத் தலைமை தாங்கிய பிரேசில் ஜெனரல் சாண்டோஸ் குரூஸ் உங்களுக்கான அறிக்கையில் எழுதினார். படிக்க நேரம் கிடைத்திருக்காது, வீட்டோ போடவே நேரம் சரியாக இருக்கும்!

அதனால்தான் கேட்கிறேன்: என்ன வேலைக்கு அனுப்புகிறீர்கள் என்று சொல்லிவிட்டு ஆளை அனுப்புங்கள். சண்டை என்றால் சண்டை என்று சொல்லி, வெடி தாங்கும் வண்டி, ஹெலிகாப்டர், உள்ளூர் மொழி தெரிந்து தகவல் திரட்டும் ஆள் எல்லாம் கொடுங்கள். இல்லையா, ஆப்பிரிக்க ஒன்றியத்திடம் விடுங்கள், ஆனால் பணத்தோடு. அவர்களுடைய படைச் செலவில் 75 சதவீதம் வரை தரலாம் என்று 2023-ல் 2719-ஆம் தீர்மானத்துக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினீர்கள், சோமாலியாவில் இருக்கும் அவர்கள் படைக்கு அதைப் பயன்படுத்தும் நேரம் வந்ததும் பையை மூடிக்கொண்டீர்கள். வங்கதேசமும் நேபாளமும் ருவாண்டாவும் இந்தியாவும் ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கும் என்ற தைரியம்தானே?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். அடுத்த தீர்மானத்தோடு எத்தனை வண்டி, எத்தனை ஹெலிகாப்டர், எந்த நாடு தருகிறது என்ற பட்டியலையும் தயவுசெய்து சேருங்கள். பட்டியல் நிரம்பிய பிறகு முதல் ஆளை விமானத்தில் ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
செய்தி படிக்கும் ஒருவன்